சோதனைச் சாவடியில் ஒன்பது விநாடி: ராணுவ சிமுலேஷனில் மனித நடத்தையை மாடல் செய்யும் முறைகளை எப்படி ஒப்பிடுவது?

சிமுலேஷன் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். “மனித நடத்தைக்கு எது நல்ல முறை? பிஹேவியர் ட்ரீயா, ஸோரா, ஆக்ட்-ஆரா?” மூன்றும் சிமுலேஷனுக்குள் இருக்கும் ஆளை முடிவெடுக்கவைக்கும் கருவிகள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கருவியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு ஏற்ற கேள்வியை அப்புறம் தேடினேன். ஆறு மாதம் வீணானது. உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் முதல் உலகப் போர்க் காலத்தில் போருக்கு ஒரு சமன்பாடு எழுதினார். 500 பேரும் 300 பேரும் சம திறமையுள்ள ஆயுதங்களோடு மோதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 500-ன் வர்க்கத்திலிருந்து 300-ன் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்தால் 400. அதாவது 300 பேரும் மடிந்தபின் மறுபக்கம் 400 பேர் மிஞ்சுவார்கள். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் யாரும் பயப்படுவதில்லை, ஓடுவதில்லை, சரணடைவதில்லை, தப்பான மேட்டின் பின்னால் போய் ஒளிவதும் இல்லை. கடைசி ஆள் வரை எல்லோரும் ஒரே வேகத்தில் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மனிதனை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1991 பிப்ரவரி 26 நல்ல உதாரணம். வளைகுடாப் போரில், 73 ஈஸ்டிங் என்று வரைபடக் கோட்டின் பெயராலேயே அழைக்கப்படும் இடத்தில், மணற்புயலுக்கு நடுவே அமெரிக்கக் கவசப்படை ஈராக்கின் குடியரசுக் காவல்படையைச் சிதறடித்தது. நல்ல பீரங்கியும் வெப்பக் காட்சிக் கருவியும்தான் காரணம் என்று பலர் சொன்னார்கள். ஸ்டீபன் பிடில் என்ற ஆய்வாளர் அந்தச் சண்டையை ஜேனஸ் என்ற சிமுலேஷனில் ஓட்டி, காரணிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஈராக்கியர்கள் செய்த தவறுகளை, அதாவது பதுங்குகுழி அமைத்த விதத்தையும் முன்னெச்சரிக்கைக் காவல் வைக்காததையும், திருத்தி ஓட்டியபோது அமெரிக்க இழப்பு பல மடங்கு கூடியது. பீரங்கியின் திறமையும் ஆளின் திறமையின்மையும் சேர்ந்துதான் அந்த முடிவு வந்தது என்பது அவர் வாதம். ஆளை மாடல் செய்யாத சிமுலேஷனில் இந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

காகிதத்தில் எழுதுங்கள், சுவரில் ஒட்டுங்கள். பெரும்பாலும் கேள்வி மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்று பயிற்சி: எதிரில் இருப்பது கணினி என்று பயிற்சி பெறுபவருக்கு உறுத்தாமல் இருக்க வேண்டும். இரண்டாவது பகுப்பாய்வு: சோதனைச் சாவடித் தடுப்பை 50 மீட்டரில் வைப்பதா 100 மீட்டரில் வைப்பதா, எது உயிர் காக்கும்? மூன்றாவது வடிவமைப்பு: இந்தத் திரையை ஒரே ஆள் பார்த்துச் சமாளிக்க முடியுமா? பயிற்சிக்குக் கண்ணுக்கு நம்பும்படி இருந்தால் போதும். பகுப்பாய்வுக்கு நூறு ஓட்டத்தின் பரவல் சரியாக இருக்க வேண்டும். வடிவமைப்புக்கு மில்லிவிநாடிக் கணக்கும் தவறுக் கணக்கும் தேவை. ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றுக்கு எடுத்துப் போகும்போதுதான் பெரும்பாலும் விபத்து நடக்கிறது.

இரண்டாம் படி: ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்

முழுப் போரை எடுக்காதீர்கள். இந்தக் கட்டுரைக்கு நான் எடுப்பது சாலையோரச் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் நிற்கிறான். 150 மீட்டர் தள்ளி ஒரு வெள்ளை வேன், 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர். சாவடியை எட்ட ஒன்பது விநாடி. அதற்குள் அவன் கவனிக்க வேண்டும், கை காட்ட வேண்டும், ஓட்டுநர் பார்த்தாரா என்று பார்க்க வேண்டும், கூச்சலிட வேண்டும், தடுப்பை இறக்க வேண்டும், சுடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். வேனில் இருப்பது வெடிகுண்டா, பிரேக் பிடிக்காத குடும்பமா என்பது அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் படி: மாடலின் கண்ணைக் கட்டுங்கள்

இதைப் பலர் கடைசியில் செய்கிறார்கள். முதலில் செய்யுங்கள். சிமுலேஷனுக்கு எல்லாம் தெரியும்: வேனின் துல்லியமான வேகம், உள்ளே எத்தனை பேர், சுவருக்குப் பின்னால் யார். அதை அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் எந்த முறையும் நன்றாகத்தான் ஓடும். நான் முதன்முதலில் எழுதிய காவலன் கட்டடத்துக்கு அந்தப் பக்கம் வண்டி திரும்பும் முன்பே துப்பாக்கியைத் தூக்கினான். எல்லோரும் “ஆஹா, உஷாரான ஆள்” என்றார்கள். அவன் சுவர் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் நடுவில் ஒரு ‘புலன்’ அடுக்கு போடுங்கள். பார்வைக் கோடு மறைந்தால் தகவல் வரக்கூடாது. வேகம் ‘59.8’ என்று வராமல் ‘வேகமாக’ என்று வரட்டும், அதுவும் ஒரு தாமதத்தோடு. நீங்கள் ஒப்பிடப்போகும் எல்லா மாடல்களும் இதே அடுக்கின் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒப்பிடுவது மூளையை அல்ல, கண்ணை.

நான்காம் படி: ஒரே காட்சியை ஒவ்வொரு முறையிலும் எழுதிப் பாருங்கள்

எளிய நிலை இயந்திரத்தில் தொடங்குங்கள். காத்திரு, எச்சரி, தடு, சுடு என்று நான்கு நிலைகள். ‘வேகம் 40-க்கு மேல், தூரம் 80-க்குக் கீழ் என்றால் எச்சரிக்கையிலிருந்து தடுப்புக்குப் போ’ என்பது போல விதிகள். அரை நாளில் முடிந்துவிடும். ஓட்டிப் பாருங்கள். வேன் 39, 41, 39 என்று தடுமாறினால் சிப்பாயும் கையை ஏற்றி இறக்கி ஏற்றி, பொம்மலாட்டம் ஆடுவான். உள்ளே போகும் எல்லையை 40, வெளியே வரும் எல்லையை 30 என்று பிரித்து வைத்தால் ஆட்டம் நிற்கும். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. விதி பொருந்திய கணமே, விநாடியில் அறுபதில் ஒரு பங்கில், அவன் முடிவெடுத்துவிடுகிறான். தயக்கம் என்பதே கிடையாது. தாமதத்தை நீங்களே கையால் ஒட்டவைக்க வேண்டும்.

பிஹேவியர் ட்ரீ இதன் ஒழுங்கான வடிவம்: விதிகளை மரம் போலக் கிளை கிளையாக அடுக்குவது. கணினி விளையாட்டு உலகத்திலிருந்து வந்தது. அன்ரியல் எஞ்சினில் இதற்கான எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. புதுக் கிளை சேர்ப்பது சுலபம், பழையது உடையாது. பயிற்சிக்காக நூறு பாதசாரிகள், இருபது காவலர்கள் வேண்டுமென்றால் இதற்கு மேல் போகாதீர்கள். இதைச் சொன்னால் ஆராய்ச்சிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது பி.டி.ஐ: நம்பிக்கை, விருப்பம், தீர்மானம். மைக்கேல் பிராட்மன் என்ற தத்துவவாதியின் சிந்தனையிலிருந்து கிளைத்தது. ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் அதைக் கணினிக்கு ஏற்றபடி வடித்தார்கள். 1990-களில் ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் போர் விமானிகளை மாடல் செய்ய இதைப் பயன்படுத்தினார்கள். நம் சிப்பாய்க்கு ‘வேன் நிற்காது’ என்பது நம்பிக்கை. ‘தோழர்களைக் காப்பாற்று’, ‘அப்பாவியைக் கொல்லாதே’ இரண்டும் ஒன்றோடொன்று மோதும் விருப்பங்கள். ‘தடுப்பை இறக்குகிறேன்’ என்பது தீர்மானம். இந்த முறையின் உயிர்நாடி தீர்மானத்தில் எவ்வளவு நேரம் பிடிவாதமாக நிற்பது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு கணமும் மறுபரிசீலனை செய்பவன் எதையும் முடிக்கமாட்டான். செய்யாதவன் வேன் நின்றபிறகும் சுடுவான். அந்த அளவைத் திருகிப் பார்ப்பதே நல்ல பாடம். இன்னொரு வசதியும் உண்டு. “ஏன் சுட்டாய்?” என்று கேட்டால் மாடலின் பதிவை அதிகாரிகள் தங்கள் பேச்சு மொழியிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஸோர் என்பதைத் தமிழில் எழுதும்போது ‘சோர்’ என்று எழுதாமல் இருப்பது நல்லது. அதன் பொருள் உயரப் பறப்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் லேர்ட், ஆலன் நியூவெல், பால் ரோசன்புளூம் மூவரும் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். விதிகள் நேரடியாகச் செயலைத் தூண்டுவதில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று முன்மொழிகின்றன, அவற்றிலிருந்து ஒன்று தேர்வாகிறது. எதைத் தேர்வது என்று தெரியாமல் முட்டுக்கட்டை விழுந்தால், அதைத் தீர்ப்பதே புதிய துணை இலக்காகிவிடுகிறது. இதன் பெரிய ராணுவ வெற்றி, விமானிகளை மாடல் செய்யும் டாக்ஏர்-ஸோர். 1997 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த பெரிய கூட்டு சிமுலேஷன் பயிற்சியில், 48 மணி நேரத்தில் 700-க்கும் மேற்பட்ட விமானப் பயணங்களைக் கணினி விமானிகளே ஓட்டினார்கள். உள்ளே 5,000-க்கும் மேற்பட்ட விதிகள். அதைக் கேட்டு மலைப்பதோடு, அத்தனை விதிகளை விமானிகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர்களின் உழைப்பையும் நினைத்துக்கொள்ளுங்கள். சாவடிக் காட்சி ஒன்றுக்கு மட்டும் ஸோர் எடுப்பது கொசுவுக்குப் பீரங்கி. எதிர்பாராத சூழல்கள் பல, நீண்ட பணி, குழுவாகச் செயல்பட வேண்டும் என்றால் எடுங்கள்.

ஆக்ட்-ஆர் வேறு ரகம். ஜான் ஆண்டர்சன் கார்னகி மெலனில் வளர்த்தது. மனிதன் என்ன செய்வான் என்பதோடு, எவ்வளவு நேரத்தில் செய்வான், எங்கே மறப்பான் என்பதும் இதற்கு முக்கியம். ஒவ்வொரு விதியும் ஓட 50 மில்லிவிநாடி. நினைவில் இருப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்த முறையின் சுபாவம் புரிந்துவிடும்.

பணி மாறும்போது மேலதிகாரி ஒருமுறை சொல்கிறார்: “சிவப்புக் கோடு போட்ட வெள்ளை வேன் நம்முடையது.” 100 விநாடி கழித்து அந்த வேன் வருகிறது. ஆக்ட்-ஆரில் ஒரு தகவலைக் கேட்டு எத்தனை விநாடி ஆயிற்றோ, அதன் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுக்க வேண்டும்: ஒன்றின் கீழ் பத்து, 0.1. நேர அளவுகோல் எண்ணை 1 என்று வைத்தால், நினைவுக்குக் கொண்டுவர ஆகும் நேரம் அதன் தலைகீழ், அதாவது 10 விநாடி. வேன் வர ஒன்பதே விநாடி! இப்போது அதே சிப்பாய் அந்தத் தகவலை 90, 40, 10 விநாடிகளுக்கு முன் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று வையுங்கள், மேலதிகாரி சொன்னதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 0.105, 0.158, 0.316, மொத்தம் 0.579. தலைகீழ் எடுத்தால் 1.7 விநாடி. பிழைத்தது வேனில் இருந்தவர்கள். வண்டியின் கோட்டைப் பார்ப்பதே நினைவைத் தூண்டும் என்பதையும், தற்செயல் இரைச்சலையும் ஆக்ட்-ஆர் கணக்கில் சேர்க்கும். விளக்கத்துக்காக இங்கே விட்டுவிட்டேன். அளவுகோல் எண்ணையும் நீங்கள் தரவைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஆனால் ‘ஒருமுறை சொன்னால் போதுமா, மூன்று முறை சொல்லச் சொல்ல வேண்டுமா’ என்ற கேள்வியை நிலை இயந்திரத்தில் கேட்கவே வழியில்லை என்பதைக் கவனியுங்கள்.

கூட்டத்தை மாடல் செய்ய வேண்டுமென்றால் இவை எல்லாமே கனமானவை. நியூசிலாந்தின் மானா, அமெரிக்காவில் ஆண்ட்ரூ இலாச்சின்ஸ்கி எழுதிய ஐன்ஸ்டைன் போன்ற சிமுலேஷன்களில் ஒவ்வொரு ஆளும் சில எண்கள்தான்: தோழரை நோக்கி இவ்வளவு ஈர்ப்பு, எதிரியிடமிருந்து இவ்வளவு விலகல், இலக்கை நோக்கி இவ்வளவு. தனி ஆள் முட்டாளாகத்தான் தெரிவான். திரளின் ஓட்டத்தைப் பார்க்க உதவும். ஆயிரம் முறை ஓட்டலாம் என்பது இதன் பலம்.

கடைசியாக, தானே கற்கும் மாடல்கள். 2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா நடத்திய வான்சண்டைப் போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் உருவாக்கிய நிரல் அனுபவமுள்ள எஃப்-16 விமானியைச் சிமுலேட்டரில் 5–0 என்று வென்றது. புதியவர்கள் இதைக் காட்டி “இதுதானே எதிர்காலம்” என்பார்கள். அது ஜெயித்த விதத்தைப் பாருங்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்ற முழுத் தகவலும் அதன் கையில் இருந்தது. நேருக்கு நேர் மோதுவது போல வந்து துப்பாக்கியால் சுட்டது. பயிற்சியில் மனித விமானிகளுக்கு அப்படிச் செய்ய அனுமதி கிடையாது. அது சிறந்த எதிராளி. மனித நடத்தையின் மாடல் அல்ல. நம் சாவடியில் இதை விட்டால், ‘சாவடி தப்ப வேண்டும்’ என்று மட்டும் மதிப்பெண் கொடுத்திருந்தால், 150 மீட்டரிலேயே எல்லா வேனையும் சுடக் கற்றுக்கொள்ளும்.

ஐந்தாம் படி: சேர்த்து வைத்துச் சோதியுங்கள்

இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 1990-களின் இறுதியில் ஆம்பர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. நான்கு மாடல் குழுக்கள்: ஆக்ட்-ஆர், காக்நெட், டிகாக், அப்புறம் ஸோரையும் வேறு சிலவற்றையும் பிணைத்த ஈஸ். பி.பி.என் நிறுவனம் நடுவர். எல்லோருக்கும் ஒரே வேலை, ஒரே திரை: எளிமையாக்கிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. மனிதர்களையும் அதே வேலையைச் செய்யவைத்து அளந்தார்கள்.

முதல் கட்டத்தில் ஒருவரே பல வேலைகளைச் சமாளிப்பது. எழுத்தில் செய்தி வரும் திரை ஒன்று, நிறம் காட்டி உதவும் திரை ஒன்று. நிறத்திரையில் மனிதர்கள் குறைவாகத் தவறு செய்தார்கள். நான்கு மாடல்களும் அந்தப் போக்கைப் பிடித்துவிட்டன. இங்கே நின்றிருந்தால் எல்லா முறையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

பிந்தைய கட்டம்தான் பாடம். உயரம் மாற்றக் கேட்கும் விமானத்துக்கு அனுமதி தருவதா மறுப்பதா என்பதை எரிபொருள், விமானத்தின் அளவு, காற்றுக் கொந்தளிப்பு ஆகிய மூன்றையும் பார்த்து மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கற்றல் தரவு மாடல் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது; நன்றாகவே பொருத்தினார்கள். அப்புறம் ஒரு சோதனை: இதுவரை பார்க்காத மதிப்புகளும் கலந்து வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். அந்தத் தரவைக் காட்டவில்லை. புதியவற்றுக்கு நடுவே, ஏற்கெனவே கற்ற பழையவற்றிலேயே மனிதர்கள் தடுமாறினார்கள். நான்கு மாடல்களும் அதை எதிர்பார்க்கவில்லை. விடையைப் பார்த்தபிறகு திருத்தினார்கள், பொருந்தியது. பார்த்தபிறகு எதையும் பொருத்தலாம் அல்லவா.

உங்கள் சாவடிக்கு இதைக் கொண்டுவருவது இப்படி. இருபது முப்பது பேரைச் சிமுலேட்டரில் உட்காரவைத்து, வேன் வரும் காட்சியைப் பல வேகங்களில் ஓட்டுங்கள். கை காட்டிய நேரம், தடுப்பை இறக்கிய நேரம், சுட்டாரா இல்லையா என்று பதிவு செய்யுங்கள். தரவில் பாதியைப் பூட்டி வையுங்கள். சாவியை மாடல் எழுதாத ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு மாடலையும் குறைந்தது நூறு முறை ஓட்டுங்கள். சராசரியை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்: பாதிப் பேர் 3 விநாடியிலும் மீதிப் பேர் 7 விநாடியிலும் முடிவெடுத்தால் சராசரி 5, ஆனால் 5 விநாடியில் முடிவெடுத்த மனிதன் ஒருவன்கூட இல்லை. படம் வரைந்து பரவலைப் பாருங்கள். மனிதர்கள் செய்த தவறுகளையே மாடலும் செய்கிறதா என்று பாருங்கள். சரியானதை மட்டும் செய்யும் மாடல் சந்தேகத்துக்குரியது.

ஒவ்வொரு மாடலிலும் நீங்கள் கையால் திருகிய எண்கள் எத்தனை என்று ஒரு பட்டியலில் எழுதுங்கள். பன்னிரண்டு எண்ணைத் திருகிப் பெற்ற நல்ல பொருத்தத்தைவிட, இரண்டு எண்ணைத் திருகிப் பெற்ற சுமாரான பொருத்தத்தை நான் நம்புவேன். மாடலை எழுத எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். மேலாளர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஆறாம் படி: பயத்தையும் களைப்பையும் அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள்

எல்லோருக்கும் ‘பயம்’ என்று ஒரு திருகாணி வைக்க ஆசை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாரி சில்வர்மன் குழு பி.எம்.எஃப்.செர்வ் என்ற அமைப்பில் அழுத்தம், உணர்ச்சி, உடல்நிலை ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டியது; கவனமாகச் செய்தால் முடியும். ஆனால் காதில் விழுந்ததையெல்லாம் எண்ணாக்க வேண்டாம். போரில் நான்கில் ஒருவருக்கு மேல் சுடுவதில்லை என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் 1947-ல் எழுதியது இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கான சான்றைப் பின்னாள் வரலாற்றாசிரியர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். பதற்றம் கொஞ்சம் இருந்தால் நல்லது, அதிகமானால் கெடும் என்ற மலை வடிவ வளைகோடு, 1908-ல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையிலிருந்து கிளைத்தது. அந்த எலிகளை எத்தனை சிப்பாய் மாடல்களுக்குள் பார்த்திருக்கிறேன் தெரியுமா!

எங்கே தொடங்குவது?

செலவு எதுவும் இல்லை. கூட்டத்துக்கு நெட்லோகோ, பி.டி.ஐ-க்கு ஜேசன், ஸோர், ஆக்ட்-ஆர் எல்லாமே இலவசம். ஸோரின் பயிற்சிப் பாடத்தில் டாங்க் சண்டை விளையாட்டே உண்டு; ஒரு வார இறுதியில் அதை முடித்துவிடலாம். ஆக்ட்-ஆர் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது, தொடக்கத்தில் கொஞ்சம் கடுப்பேற்றும். முதலில் நிலை இயந்திரச் சிப்பாயை எழுதி முடியுங்கள், அவனோடுதான் மற்ற எல்லோரையும் ஒப்பிடப்போகிறீர்கள். அப்புறம் சாவடியில் உண்மையிலேயே நின்ற ஒருவரைக் கூப்பிட்டு, எது மனிதன் ஓட்டியது, எது மாடல் ஓட்டியது என்று சொல்லாமல் ஓட்டிக் காட்டுங்கள். “இவன் ஏன் ஓட்டுநர் முகத்தைப் பார்க்கவே இல்லை?” என்பது போல அவர் கேட்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும் வேனை எடுத்துவிட்டு, அதே வேகத்தில் சைரன் ஒலிக்கும் ஆம்புலன்ஸ் ஒன்றை அனுப்புங்கள். எந்த மாடலையும் தொடாதீர்கள். எது முதலில் சுடுகிறது என்று பாருங்கள்.